வாசகர் கேள்வி: பழைய துப்பாக்கி எல்லா இடத்திலும் ஒரே வயதைச் சொல்ல வேண்டும்

கேள்வி: அமெரிக்க ஏலம் ஒன்றின் கேட்டலாக்கில் பார்க்கர் பிரதர்ஸ் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று பார்த்தேன். டிஹெச் கிரேடு (கம்பெனி வைத்த தரவரிசைப் பெயர்), 12 போர், 28 அங்குலக் குழல், ‘ஒரிஜினல் நிறம் 90 சதவீதம்’ என்று போட்டிருக்கிறது. படத்தில் புதுசு போல மின்னுகிறது. நம்பி ஏலம் கேட்கலாமா?

பதில்: மின்னுகிறது என்கிறீர்களே, என் சந்தேகமே அங்கேதான் தொடங்குகிறது. பார்க்கர் கனெக்டிகட் மாநிலத்து மெரிடனில் துப்பாக்கி செய்த கம்பெனி. 1934-ல் ரெமிங்டன் அதை வாங்கியது, 1940-களில் உற்பத்தியே நின்றுபோனது. ஆக, இது எண்பது வயதைத் தாண்டிய துப்பாக்கி. அந்த வயதுக்கு மின்னக் கூடாது என்றில்லை. ஆனால் மின்னினால் உச்சி முதல் அடிவரை அதே கதையைச் சொல்ல வேண்டும்.

முதலில் ஃப்ரேமின், அதாவது குழலும் கட்டையும் சேரும் இரும்புப் பகுதியின், அடிப்பக்கத்துப் படத்தைக் கேளுங்கள். வேட்டைக்குத் தூக்கிப் போகிறவர் கை அங்கேதான் பிடிக்கும். அதனால் கேஸ் ஹார்டனிங் நிறம் (இரும்பின் மேல்தோலைச் சூட்டில் கடினமாக்கும்போது வரும் வண்ணம்) முதலில் தேய்ந்து வெள்ளி போல ஆவதும் அங்கேதான். கை படாத இடுக்குகளில், துப்பாக்கியைத் திறக்கும் மேல் லீவரின் ஓரங்களில், நிறம் பத்திரமாக இருக்கும். அடியில் நிறம் முழுசாக இருந்து, கட்டையின் பிடியில் வெட்டிய கட்டங்கள் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் இரண்டில் ஒன்று பொய். நிறத்தின் சாயலையும் பாருங்கள். எலும்புக்கரியில் புதைத்துச் சூடேற்றிய பழைய நிறம், தண்ணீரில் எண்ணெய் சிந்தினாற்போல நீலமும் பழுப்புமாக ஒன்றில் ஒன்று கரையும். சயனைடில் பிற்பாடு ஏற்றிய நிறம் பெரும்பாலும் வரிவரியாக நிற்கும்.

சில வருடங்களுக்கு முன் ஏலத்துக்கு முந்தைய ஒரு பார்வை நாளில் இதே கிரேடு ஒன்றைக் கையில் எடுத்தேன். கேட்டலாக்கில் ‘ஒரிஜினல்’ என்றே இருந்தது. சின்ன டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். ஃப்ரேமின் பக்கத்தில் செதுக்கிய பறவையில் சிறகின் ஓரக்கோடு ஆழமாக நின்றது, உள்ளே இருக்க வேண்டிய மயிரிழைக் கோடுகளைக் காணவில்லை. ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி வெளிச்சம் சின்னக் கிண்ணத்தில் தேங்கியது போலத் தேங்கியது. பாலிஷ் சக்கரம் துளையின் விளிம்பைத் தின்றுவிட்ட அடையாளம் அது. நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தப் பள்ளத்தை மறைக்க முடியாது. திருப்பி வைத்துவிட்டேன். ‘மறு மெருகு’ என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் நானே கேட்டிருப்பேன், நல்ல துப்பாக்கிதான். மறைத்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அடுத்து குழல். பழைய முறையில் துருவேற்றிச் செய்த ப்ளூயிங் (குழலின் கருநீல மெருகு) பட்டுத்துணி போல அடங்கிய பளபளப்பு. கண்ணாடி மாதிரிக் கன்னங்கரேலென்று இருந்தால் கொதிக்கும் கார உப்பில் முக்கியிருக்கிறார்கள். இது அழகு விஷயம் மட்டுமல்ல. இரண்டு குழலையும் நடுப்பட்டையையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று. அந்தக் காரம் பற்றை அரிக்கும், பட்டை பின்னால் விட்டுவிடும். நேரில் போனால் அனுமதி கேட்டுக் குழலைக் கழற்றி, அடிக் கொக்கியை விரலில் மாட்டித் தொங்கவிட்டுச் சுண்டிப் பாருங்கள். கணீரென்று நீள ஒலித்தால் பற்று நன்றாக இருக்கிறது. மொத்தென்று அடங்கினால் வேண்டவே வேண்டாம்.

முனையையும் நேராக எடுத்த படம் கேளுங்கள். முனையில் இரு குழலும் ஒட்டி நிற்க வேண்டும். நடுவே இடைவெளி தெரிந்தால், அல்லது அதை ஈயத்தால் அடைத்திருந்தால், நீளத்தை வெட்டிக் குறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். 30 அங்குலமாகப் பிறந்தது 28 ஆகியிருக்கலாம், சோக்கும் (குண்டுகள் சிதறாமல் இருக்க முனையில் விடும் சுருக்கம்) அதோடு போயிருக்கும்.

கட்டையில் ஒன்றே ஒன்று: தொழிற்சாலையிலிருந்து வந்தபோது மரம் இரும்பைவிட மயிரளவு உயர்ந்து நிற்கும். தாழ்ந்திருந்தால் உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள்.

சீரியல் எண் ஃப்ரேம், குழல், முன்கட்டை இரும்பு மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை வைத்து பார்க்கர் சேகரிப்பாளர் சங்கத்தில் ஒரு கடிதம் கேளுங்கள். மிஞ்சியிருக்கும் கம்பெனி ஏடுகளில் அந்த எண்ணுக்குப் பதிவு இருந்தால் கிரேடும் ஆர்டர் செய்த குழல் நீளமும் தெரிந்துவிடும். இந்தப் படங்களைத் தரத் தயங்கினால், மறு மெருகு ஏற்றிய துப்பாக்கி என்ற கணக்கிலேயே விலை கேளுங்கள். அதற்கு மேல் ஒரு டாலர் போகாதீர்கள்.

கேள்வி: இங்கிலாந்து இரட்டைக்குழல் ஒன்றில் ‘ஸ்லீவ்டு’ என்று முத்திரை இருக்கிறது. ஒரிஜினல்தானே?

பதில்: இல்லை. பழைய பின்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு முன்னால் புதுக் குழாய் செருகியது அது. பின்முனையிலிருந்து சில அங்குலம் தள்ளி, குழலைச் சுற்றி மெல்லிய வளையக் கோடு ஒன்று தெரியும், தேடுங்கள். மறுபடி புரூஃப் (கூடுதல் மருந்து போட்டுச் சுட்டுப் பார்க்கும் சோதனை) செய்திருந்தால் சுடுவதற்கு நல்ல துப்பாக்கி. சேகரிப்புக்கான விலை கொடுக்க வேண்டாம்.