மலை ரயில் டிக்கெட்டை ஏஜென்டிடம் விடாதீர்கள்

கேள்வி: எழுபது வயது தாண்டிய பெற்றோர், இரண்டு பிள்ளைகளோடு நவம்பரில் ஊட்டி போகிறோம். கைடோடு நான்கு நாள் பேக்கேஜ். "மலை ரயில் டிக்கெட் கன்ஃபார்ம். பிஎன்ஆர் முதல் நாள் இரவு தருகிறோம், முழுப் பணத்தையும் இப்போதே கட்டிவிடுங்கள்" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?
- தஞ்சாவூர் வாசகர்

பதில்: இந்த நிபந்தனைக்குப் பணம் கட்டாதீர்கள். டிக்கெட் எடுத்திருந்தால் பிஎன்ஆர் அந்த நிமிடமே வந்திருக்கும். முதல் நாள் இரவு தருகிறேன் என்றால் இன்னும் எடுக்கவில்லை, அல்லது வேறு யார் பெயரிலோ எடுத்து வைத்திருக்கிறார். இரண்டுமே உங்களுக்கு ஆகாது.

அடுத்து, எங்கிருந்து எங்கே வரை டிக்கெட் என்று கேளுங்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான். தண்டவாளத்துக்கு நடுவே உள்ள பல் வைத்த கம்பியைப் பல்சக்கரம் பிடித்து, நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளி ஏறும் பகுதி கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே இருக்கிறது. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல் எஞ்சின். அதுவும் அழகான பாதைதான், ஆனால் பல்சக்கரம் கிடையாது. பேக்கேஜ் நோட்டீஸில் 'ஊட்டி ரயில் பயணம்' என்று போட்டுவிட்டு குன்னூர் - ஊட்டி டிக்கெட்டைக் கையில் கொடுப்பார்கள். கேட்டால், அதுவும் மலை ரயில்தானே என்பார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குக் கிளம்பும் வண்டியா என்று எழுத்தில் வாங்குங்கள். அதில் இடமில்லையென்றால் ஊட்டியிலிருந்து மதியம் 2 மணிக்கு இறங்கும் வண்டியைப் பாருங்கள். அதே பல்சக்கரப் பாதை.

நவம்பர் என்பதால் இன்னொன்று. வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு - குன்னூர் பாதையில் மண் சரிவதும் ரயிலை நிறுத்துவதும் சகஜம். ரத்தானால் முழுக் கட்டணமும் திரும்பும். ஆனால் யாருக்கு? பணம் கட்டிய கணக்குக்கு. ரத்து என்ற எஸ்எம்எஸ்ஸும் பதிவில் கொடுத்த நம்பருக்குத்தான் போகும். இரண்டும் ஏஜென்டுடையதாக இருந்தால், நீங்கள் அதிகாலையில் பெரியவர்களோடு ஸ்டேஷனில் நிற்பீர்கள், பணம் அவரிடம் இருக்கும்.

அதனால் ரூமும் வேனும் அவரிடம் இருக்கட்டும், ரயில் டிக்கெட்டை நீங்களே எடுங்கள். பயண நாளுக்கு 60 நாள் முன்பு, காலை 8 மணிக்கு ஐஆர்சிடிசியில் முன்பதிவு திறக்கும். கணக்கில் ஆதாரை முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள். ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட், சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) தயாரான பிறகும் உறுதியாகாவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது.

யாராவது டிக்கெட் பிரிண்ட் கொடுத்தால் கீழே உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். தனிநபர் கணக்கில் எடுத்தது, விற்பதும் வாங்குவதும் ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவின்படி குற்றம் என்றிருந்தால், அதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். பிடிபட்டால் டிக்கெட் செல்லாமல் போகும். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் எடுத்த டிக்கெட்டில் அவர் பெயர் இருக்கும். இந்த எச்சரிக்கையை ஏன் கண்ணுக்குத் தெரியாத அளவில் அச்சிடுகிறார்கள்? 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பாதை, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவது வழக்கமாக நாளுக்கு ஒரே வண்டி. செங்குத்தில் எஞ்சினால் சில பெட்டிகளைத்தான் தள்ள முடியும். இடம் இவ்வளவு அரிது என்றால் பாதுகாப்பு அதற்கேற்ப இருக்க வேண்டாமா?

ஒரே ஒரு விதிவிலக்கு. சில நிறுவனங்கள், பெரும்பாலும் வெளிநாட்டுக் குழுக்களுக்காக, ரயிலையே மொத்தமாக வாடகைக்கு எடுக்கின்றன. அப்போது முன்பணம் கேட்பது நியாயம்தான். அவர்களும் ரயில்வேக்கு முன்கூட்டியே பெருந்தொகை கட்டியாக வேண்டும். ஆனால் அது ஐஆர்சிடிசி வழியாக நடப்பது. பணம் கட்டிய ரசீது இருக்கும், அதில் தேதியும் பாதையும் இருக்கும். "சார்ட்டர் சார்" என்று வாயால் சொன்னால் போதாது. ரசீதைக் காட்டட்டும். ஆறு பேர் குடும்பத்துக்கு நான்கு நாள் பேக்கேஜ் விற்பவர் தனி ரயில் பிடித்திருக்கிறார் என்றால் நான் நம்ப மாட்டேன்.

பெற்றோர் விஷயத்தில் கவனம்: மேலே ஏற ஐந்து மணி நேரம் ஆகும், பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. வண்டி நிற்கும் ஸ்டேஷன்களில் அவர்களை இறக்கிக் கூட்டிப்போங்கள். உட்காரும் இடமும் குறுகல். முட்டி வலி இருந்தால் முதல் வகுப்பு எடுங்கள். அப்புறம், வேனுக்கு நீலகிரி இ-பாஸ் (மாவட்டத்துக்குள் நுழைய ஆன்லைன் அனுமதி) வேண்டும். அதை ஏஜென்டே எடுக்கட்டும், நகலைக் கிளம்பும் முன் வாங்கிக்கொள்ளுங்கள்.