தோற்கும் அணிகள், நீக்கப்படும் பயிற்சியாளர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2013-இல் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்கூசன் ஓய்வு பெற்ற பிறகு, இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட் அந்நாட்டின் முதல்நிலை லீகான பிரீமியர் லீக் பட்டத்தை ஒருமுறைகூட வெல்லவில்லை. எங்கள் நண்பர்களில் பாதிப் பேர் பயிற்சியாளர்களைக் குறை சொல்கிறார்கள்; மீதிப் பேர் உரிமையாளர்களான கிளேசர் குடும்பத்தைத் திட்டுகிறார்கள். உங்கள் தீர்ப்பு என்ன? (வாசகர், திருச்சி)

பதில்: இரண்டாவது கட்சியின் பக்கமே நான் நிற்கிறேன். ஆனால், அவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் முழுமையானதன்று. டேவிட் மோயஸ் முதல் ரூபன் அமோரிம் வரை ஆறு நிரந்தரப் பயிற்சியாளர்களை அந்த கிளப் நியமித்தது. அவர்களில் ஒருவருடைய ஆட்டமுறைக்கும் அடுத்தவருடைய ஆட்டமுறைக்கும் தொடர்பே கிடையாது. பந்தைத் தன்வசம் வைத்துப் பொறுமையாக ஆடச் சொன்ன வான் ஹாலுக்குப் பின், தற்காத்துக்கொண்டு எதிர்பாராத வேளையில் தாக்கும் மொரீனியோ வந்தார். நான்கு தற்காப்பு வீரர்களை வைத்து ஆடிய டென் ஹாக் போனதும், மூன்று பேரை மட்டுமே பின்னால் நிறுத்தும் அமோரிம் வந்தார். புதியவர் ஒவ்வொருவரும் முந்தையவருக்காக வாங்கப்பட்ட வீரர்களை வைத்துக்கொண்டே ஆட வேண்டியிருந்தது. ஒவ்வொரு மேஸ்திரியும் தன் அளவுக்கு வாசல் நிலை வாங்கிப் போட்டுவிட்டுப் பாதியில் போய்விட்ட வீட்டைப் போல அந்த அணி ஆகிவிட்டது.

பயிற்சியாளருக்கு மேலே அமர்ந்து, அணி எந்த வகை ஆட்டத்தை ஆட வேண்டும் என்று தீர்மானிப்பவர் ஒருவர் இருந்திருந்தால் இது நேர்ந்திராது. ஃபெர்கூசன் விலகிய அதே கோடையில் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகினார்; அவருடைய பொறுப்பு, முன்பு வங்கித்துறையில் பணியாற்றிய எட் வுட்வர்டின் கைக்கு வந்தது. கால்பந்து இயக்குநர் என்ற பதவியையே 2021-இல்தான் அந்த கிளப் முதன்முறையாக உருவாக்கியது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் வாங்கிய வீரர்களின் பட்டியலைப் படிக்கும்போது, விளம்பர மதிப்புக்காக வாங்கியவர்கள் யார், ஆட்டத் தேவைக்காக வாங்கியவர்கள் யார் என்று பிரித்தறிவது கடினமாக இருக்கிறது. சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்து 2012-இல் அற்பத் தொகைக்கு இத்தாலிய கிளப்பான யுவென்டஸுக்குச் சென்ற பால் போக்பாவை, 2016-இல் அன்றைய உலகச் சாதனைத் தொகையான 8 கோடியே 90 லட்சம் பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். 2022-இல் ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு காசும் பெறாமல் அவரை மீண்டும் இழந்தார்கள். இதற்கு எந்தப் பயிற்சியாளரைக் குற்றம் சொல்வது?

கேள்வி: கிளேசர் குடும்பம் பணமே செலவழிக்கவில்லை என்கிறார்களே, அது உண்மையா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இல்லை. கிளப்பின் வருமானத்திலிருந்து வீரர்களுக்காக ஏராளமாகச் செலவழிக்கப்பட்டது. 2022-இல் 8 கோடி பவுண்டுக்கும் மேல் கொடுத்து வாங்கிய ஆன்டனி, 2025-இல் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாத விலைக்கு ஸ்பெயின் கிளப்பான ரியல் பெட்டிஸுக்குப் போனார். ரசிகர்களின் உண்மையான மனக்குறை 2005-இல் தொடங்குகிறது. ஏறத்தாழ 79 கோடி பவுண்டுக்கு கிளப்பைக் கைப்பற்றிய மால்கம் கிளேசர், அதற்கென வாங்கிய கடனில் பெரும்பகுதியை, அதுவரை கடனே இல்லாதிருந்த கிளப்பின் தலையிலேயே கட்டினார். தன்னை விலைக்கு வாங்கியவரின் கடனுக்குத் தானே வட்டி கட்டும் நிலைமை கிளப்புக்கு ஏற்பட்டது. அப்போது மனம் வெறுத்த ரசிகர்கள் சிலர் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தனியாக ஒரு கிளப்பையே தொடங்கிவிட்டார்கள்.

2024 பிப்ரவரியில் கால்பங்குக்குச் சற்று அதிகமான பங்குகளை வாங்கி, கால்பந்து நிர்வாகத்தை ஏற்ற பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்க்ளிஃபும் பழைய வழியிலேயே தொடங்கினார் என்பது என் கருத்து. அந்த ஜூலையில் டென் ஹாகின் ஒப்பந்தத்தை நீட்டித்து, அவர் விருப்பத்துக்கேற்ப வீரர்களையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, லீகில் ஒன்பது ஆட்டங்கள் முடிந்ததும் அவரை நீக்கினார்கள். அவரையும் அவருடைய குழுவினரையும் அனுப்பிவைக்க 1 கோடி பவுண்டுக்கும் மேல் செலவானது. ஆசையாசையாக அழைத்துவந்த விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த் ஐந்தே மாதங்களில் வெளியேறினார். அதே காலத்தில் சிக்கனம் என்ற பெயரில் நூற்றுக்கணக்கான ஊழியர்கள் வேலையிழந்தார்கள். அந்தப் பருவத்தை 42 புள்ளிகளுடன் 15-ஆவது இடத்தில் அணி முடித்தது.

கேள்வி: ஃபெர்கூசனுக்குக் கொடுத்த அவகாசத்தை எல்லாருக்கும் கொடுக்க வேண்டாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இந்த வாதத்தை ஆண்டுதோறும் கேட்கிறோம். 1986 நவம்பரில் பொறுப்பேற்ற ஃபெர்கூசனுக்கு முதல் கோப்பை 1990-இல்தான் கிடைத்தது என்பதும், அந்தப் பருவத்தில் அணி லீகில் 13-ஆவது இடத்தில் முடித்தது என்பதும் உண்மைதான். ஆனால், இளம் வீரர்களை வளர்க்கும் அமைப்பை அந்த ஆண்டுகளில் அவர் அடியோடு மாற்றிக்கொண்டிருந்தார் என்பதை நாம் சொல்ல மறந்துவிடுகிறோம். அவகாசத்தை நாள்கணக்கில் அளப்பதைவிட, அந்த நாட்களில் என்ன வேலை நடக்கிறது என்று பார்ப்பதுதான் நிர்வாகத்தின் கடமை.

லண்டன் கிளப்பான பிரென்ட்ஃபோர்டைப் பாருங்கள். 2018 அக்டோபரில் தாமஸ் ஃபிராங்க் பயிற்சியாளரான போது முதல் பத்து ஆட்டங்களில் எட்டில் அணி தோற்றது. வேறெங்காவது இருந்திருந்தால் பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பார்கள். புள்ளிவிவரங்களை நம்பி முடிவெடுக்கும் உரிமையாளர் மாத்யூ பென்ஹாமின் கிளப்போ, ஆட்டத்தின் தரம் முடிவுகளைவிட மேலானது என்று கணித்து அவரை விட்டுவைத்தது. 2021-இல், 74 ஆண்டுகளுக்குப் பிறகு, பிரென்ட்ஃபோர்ட் முதல்நிலை லீகுக்குள் நுழைந்தது.

கேள்வி: 17 ஆண்டுகளுக்குப் பிறகு லண்டன் கிளப்பான டாட்டன்ஹாமுக்குக் கோப்பை வென்று தந்த பயிற்சியாளர் போஸ்டகோக்லுவை நீக்கியது நன்றிகெட்ட செயல்தானே? (வாசகர், கொழும்பு)

பதில்: நன்றிகெட்ட செயல்தான், ஆனாலும், தவறான முடிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2025 மே மாதம் பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை வீழ்த்தி ஐரோப்பிய கிளப்புகளுக்கான இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீகை வென்ற அதே அணி, லீகில் 38 புள்ளிகளுடன் 17-ஆவது இடத்தில், கீழ்நிலை லீகுக்குத் தரமிறக்கப்படும் இடங்களுக்கு நேர் மேலே நின்றது. காயங்கள் ஏராளம் என்பதை ஒப்புக்கொண்டாலும் அது மிக மோசமான கணக்கு.

கேள்வி: ஜெர்மனியில் இருப்பதுபோல கிளப்பின் வாக்குகளில் பெரும்பான்மை அதன் உறுப்பினர்களிடம் இருந்தால் இந்தச் சிக்கல்கள் தீர்ந்துவிடும் அல்லவா? (வாசகர், சென்னை)

பதில்: கடன்சுமையோடு ஒரு குடும்பம் வந்து கைப்பற்றுவதை அந்த விதி தடுக்கும், மட்டமான நிர்வாகத்தைத் தடுக்காது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஷால்கே, 2020-21 பருவத்தில் ஐந்து பயிற்சியாளர்களைக் கண்டு, 16 புள்ளிகளுடன் கடைசி இடத்தில் முடித்து, 30 ஆண்டுகளுக்குப் பிறகு ஜெர்மனியின் முதல்நிலை லீகான பன்டஸ்லீகாவிலிருந்து இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஜோயல் மாத்திப், லியோன் கொரெட்ஸ்கா போன்றவர்களின் ஒப்பந்தங்களை உரிய காலத்தில் புதுப்பிக்காமல், சல்லிக்காசு பெறாமல் பெரிய கிளப்புகளுக்கு விட்டுக்கொடுத்த நிர்வாகமும் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட நிர்வாகம்தான்.

அதே விதியின்கீழ்தான் ஃபிரைபுர்கும் இயங்குகிறது. தன் இளையோர் அணிகளில் பணியாற்றிய கிறிஸ்டியன் ஸ்ட்ரைகை 2011 இறுதியில் தலைமைப் பயிற்சியாளராக்கிய அந்தச் சிறிய கிளப், 2015-இல் அணி தரமிறங்கியபோதும் அவரை மாற்றவில்லை. மறு ஆண்டே இரண்டாம் நிலை லீகை வென்று மேலே வந்தார்கள். 2024-இல் அவராக விலகியபோது, அணியின் முன்னாள் கேப்டன் யூலியன் ஷூஸ்டரை நியமித்து, அடுத்த பருவத்தை ஐந்தாவது இடத்தில் முடித்தார்கள்.