கேட்டால் சொல்கிறோம்: ரூபி சாப்பிடுகிறவர்கள்

? லண்டனில் வேலை பார்க்கும் என் மகனை, ஆபீஸ் நண்பர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி 'ரூபி' சாப்பிடப் போகலாம் என்று கூப்பிட்டார்களாம். மாணிக்கக் கல்லையா சாப்பிடுவார்கள்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பயப்படாதீர்கள், கறிதான். ரூபி மர்ரி என்று வட அயர்லாந்துப் பாடகி ஒருவர் இருந்தார். 1955-இல் ஒரே வாரத்தில் அவருடைய ஐந்து பாட்டுகள் பிரிட்டனின் முதல் இருபது வரிசையில் இருந்தன என்றால் எவ்வளவு பிரபலம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மர்ரி, கர்ரி இரண்டும் ஓசை ஒத்துப்போகவே, கர்ரிக்கு 'ரூபி மர்ரி' என்று பேர் வைத்துவிட்டார்கள். அப்புறம் மர்ரியையும் விழுங்கிவிட்டு வெறும் ரூபி! ஓசைக்காக உள்ளே வந்த சொல்லே முதலில் கழன்றுகொள்கிறது, சம்பந்தமே இல்லாத முதல் சொல் நிலைத்துவிடுகிறது. கிழக்கு லண்டனின் காக்னி பேச்சுக்கு உள்ள சூட்சுமமே இந்த வால் நறுக்கல்தான்.

இப்படித்தான் 'ஹெட்' என்கிற தலை 'லோஃப் ஆஃப் பிரெட்' ஆகி, பிரெட் உதிர்ந்து, 'யூஸ் யுவர் லோஃப்' என்றால் மண்டையைக் கொஞ்சம் உபயோகி என்று அர்த்தமாகிவிட்டது. 'லுக்' என்பது 'புட்சர்ஸ் ஹுக்', அதாவது கசாப்புக் கடைக் கொக்கி. அதனால் 'ஹேவ் எ புட்சர்ஸ்' என்றால் ஒரு பார்வை பார். 'வைஃப்' என்கிற மனைவிக்கு 'டிரபிள் அண்ட் ஸ்டிரைஃப்' – தொல்லையும் சண்டையும். வைத்தது யாராக இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கர்ரி என்ற சொல்லே நம் கறியிலிருந்து போனதுதான். கப்பலேறிப் போன கறி, ரூபி என்று பேரை மாற்றிக்கொண்டு உங்கள் பிள்ளையையே சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறது.

? இந்தக் காக்னி பேச்சு திருடர்களின் ரகசிய பாஷை என்கிறார்களே?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

போலீசுக்குப் புரியாமல் பேசத் திருடர்கள் உண்டாக்கினார்கள் என்பது எல்லாரும் சொல்லும் கதை, சுவாரசியமும் அதில்தான். ஆனால் 1859-இல் கொச்சைச் சொற்களுக்கு அகராதி போட்ட ஜான் கேம்டன் ஹாட்டன், தெருவில் பாட்டுப் பாடி அச்சுத்தாள் விற்றவர்களையும் வாய்ஜாலத்தில் சரக்கு தள்ளியவர்களையும்தான் காட்டுகிறார். பன்னிரண்டு, பதினைந்து வருஷங்களுக்கு முன்னால் கிளம்பிய பழக்கம் என்றும் எழுதுகிறார். தூக்குத்தண்டனைக் கதைகளைக் கூவி விற்ற ஆட்கள் அவர்கள். நம் ஊர்ச் சந்தையில் கொலைச்சிந்து பாடி விற்றவர்களை நினைத்துக்கொள்ளுங்கள், நாள் முழுக்க சந்தத்திலேயே புழங்குகிறவனுக்கு மாடிப்படி 'ஸ்டேர்ஸ்' என்றதும் 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' என்று வாய் தானாகப் போகாதா? என் ஓட்டு திருடனுக்கு இல்லை, இவர்களுக்கு.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நாக்கை நீட்டி 'ப்ர்ர்ர்' என்று குழந்தைகள் ஊதுவதை ஆங்கிலத்தில் ராஸ்பெரி என்பார்கள். நாகரிகமான பத்திரிகைகளும் கூசாமல் எழுதும். அதன் முழு வடிவம் 'ராஸ்பெரி டார்ட்'. டார்ட்டோடு எந்தச் சொல் ஓசை ஒத்துவரும் என்பதை வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் யோசியுங்கள்.

? ஆங்கிலத்தில் அதிக அர்த்தம் உள்ள சொல் எது? பெரிய சொல்லாகத்தான் இருக்கும் என்கிறான் தம்பி.
– பிளஸ் டூ மாணவி, கரூர்

தம்பிக்கு ஒரு குட்டு. மூன்றே எழுத்துச் சொல்: 'ரன்'. வினைச்சொல்லாக மட்டும் 645 அர்த்தம் என்று ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியில் கணக்கு. அதற்கு முன்னால் 'செட்' என்ற இன்னொரு மூன்றெழுத்துதான் ராஜாவாக இருந்தது, 1989 பதிப்பில் 430. பெரிய சொற்கள் பெரும்பாலும் லத்தீனிலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று வந்தவை, வேலை முடிந்ததும் உட்கார்ந்துவிடும். சின்னச் சொற்கள் வீட்டு ஆள் மாதிரி, எதற்கும் கூப்பிடலாம். பின்னால் ஒரு 'அப்', 'அவுட்', 'ஆஃப்' ஒட்டினால் இன்னும் நாலு வேலை செய்யும். யந்திரங்கள் வந்தபோது ரயில், மோட்டார், கம்ப்யூட்டர் எல்லாம் ஓடத் தொடங்கின, நம் ஃபேனும் சினிமாவும் ஓடுவது போல. ஒரு வேடிக்கை: தேர்தல் வந்தால் அமெரிக்க வேட்பாளர் 'ஓடுகிறார்', பிரிட்டிஷ் வேட்பாளர் 'நிற்கிறார்'. நம் ஆட்களும் நிற்கத்தான் செய்கிறார்கள்.

? 'பேட்' வௌவாலும் கிரிக்கெட் மட்டையும் உறவா?
– ஒரு வாசகர், சேலம்

இல்லை. மட்டை பழைய ஆங்கிலச் சொல். வௌவால் முன்பு 'பாக்கெ' என்று வேறு உச்சரிப்பில் இருந்து, தேய்ந்து தேய்ந்து மட்டையோடு முட்டிக்கொண்டது. ஆற்றங்கரை பேங்க்கும் பணம் போடும் பேங்க்கும் ஆதியில் தூரத்து உறவு, ஆனால் ஆங்கிலத்துக்குத் தனித்தனி வழியில் வந்தவை. கரை வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து, பணம் இத்தாலியிலிருந்து.

? காக்னி தெரியாமல் லண்டனில் காலம் தள்ள முடியுமா?
– முதல் கேள்வி கேட்ட அதே வாசகி

தாராளமாக. 2009-இல் கிழக்கு லண்டனில் சில ஏ.டி.எம்.களில் காக்னியிலும் பணம் எடுக்கலாம் என்று வைத்தார்கள். உங்கள் 'ஹக்கிள்பெரி ஃபின்' என்ன என்று மெஷின் கேட்கும். ஃபின், பின் – ரகசிய எண். பத்து பவுண்டு வேண்டுமானால் 'ஸ்பெக்கிள்ட் ஹென்', புள்ளிக் கோழி. ஹென், டென். பக்கத்திலேயே சாதாரண ஆங்கிலத்துக்கும் ஒரு பட்டன் இருந்தது. பையனை அதை அழுத்தச் சொல்லுங்கள்.