வேப்பங்கொட்டைக் கரைசல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கத்தரிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சு ரெண்டு நாளாச்சுங்க ஐயா. புழு அப்படியே ஊர்ந்துகிட்டு இருக்கு. ஏமாந்துட்டேனா?

இல்லை தம்பி. நீங்க செத்த புழுவைத் தேடுறீங்க. இலையில் புதுக் கடி விழுந்திருக்கான்னு பாருங்க. வேம்பில் இருக்கிற அசாடிராக்டின், கடை மருந்து மாதிரி உடனே சுருட்டிப் போடாது. முதலில் பூச்சி அந்த இலையைத் தின்னவே விடாது. 1960களின் தொடக்கத்தில் டெல்லியில் செய்த சோதனையில், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகூடத் தொடவில்லை. மீறித் தின்ற இளம்புழுவுக்குத் தோலுரிக்கும் ஹார்மோன் குழம்பிவிடும். பழைய தோலிலிருந்து வெளியே வர முடியாமலே சாகும். அதற்குச் சில நாள் ஆகும். முற்றின புழு இதற்கு அவ்வளவாக அசையாது.

இன்னொன்று: காய்க்குள் நுழைந்துவிட்ட துளைப்பான் புழுவை எந்தக் கரைசலும் எட்டாது. வாடித் தொங்கும் குருத்தையும் ஓட்டை விழுந்த காயையும் பறித்து அழிச்சிடுங்க.

அளவு சொல்லுங்க அண்ணே.

நூறு லிட்டருக்கு, காய்ந்த வேப்பம்பருப்பு 5 கிலோ. இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற வையுங்க. காலையில் கலக்கி, மெல்லிய துணியில் ரெண்டு தடவை வடிகட்டணும். இல்லைன்னா நாசில் அடைச்சுக்கிட்டு நாள் முழுக்க அதோடதான் மல்லுக்கட்டணும். 200 கிராம் சோப்புத்தூளைக் கரைத்துச் சேர்த்து, நூறு லிட்டராக்குங்க. சோப்பு இல்லைன்னா இலையில் ஒட்டாது. அன்றைக்கே அடிச்சிடணும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கொட்டை மூட்டையா கிடக்கு. ஆகுமா?

ஆகாது. எட்டு, பத்து மாதம் தாண்டினாலே வீரியம் போயிடும்.

காலையில் அடிக்கலாமா?

சாயங்காலம் அடிங்கம்மா. வெயிலில் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைஞ்சிடும். பூவுக்கு வரும் தேனீயும் அந்நேரம் கூடு திரும்பியிருக்கும்.

புகையிலைக் கஷாயம் வேகமா வேலை செய்யுதே, அதுவும் இயற்கைதானே?

இயற்கைதான், விஷமும்தான். நிக்கோட்டின் நம்ம தோல் வழியாவே உடம்புக்குள் ஏறும். தக்காளி, மிளகாய்க்கு அடிச்சா புகையிலைத் தேமல் நச்சுயிரியும் கூடவே வரலாம். என் தோட்டத்தில் அதை விடமாட்டேன்.