சொட்டுநீர்க் குழாயில் அன்னபேதி கலக்கலாமா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் அரை ஏக்கரில் மதுரை மல்லி போட்டிருக்கிறேன். கொழுந்து இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. சொட்டுநீரும், உரக் கரைசலைக் குழாய்க்குள் இழுத்துவிடும் வெஞ்சுரியும் ஏற்கெனவே இருக்கின்றன. அதிலேயே அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து விடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளம் இரும்புச்சத்துக் குறைதான். ஆனால் சுண்ணாம்பு கலந்த கரிசலில் இரும்பு பெரும்பாலும் மண்ணில் இருக்கும். வேரால் எடுக்க முடியாது, அவ்வளவே. ஒரு பிடி மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு மிகுதி. அங்கே குழாய் வழியே போகும் அன்னபேதி, உப்புத் தண்ணீரிலேயே துருவாகப் படிந்து, தண்ணீர் சொட்டும் டிரிப்பரை அடைக்கும். மணிச்சத்து உரமான மோனோ அம்மோனியம் பாஸ்பேட்டோடு ஒரே தொட்டியில் கலந்தால் கண்முன்னே திரிந்து அடியில் தங்கும்.

முதலில் தண்ணீரைக் குறையுங்கள். வேர்ப்பகுதி எந்நேரமும் சொதசொதவென்று கிடந்தால் மஞ்சள் கூடும்; என்ன உரம் போட்டாலும் மாறாது.

பிறகு இலைவழித் தெளிப்பு. 10 லிட்டர் தண்ணீரில் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலம், அது கரைந்தபின் 50 கிராம் அன்னபேதி, கொஞ்சம் ஒட்டும் திரவம். அன்னபேதி இளம்பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பேறியது வீண். கரைத்த அன்றே அடித்து முடியுங்கள். மாதம் ஒருமுறை, பச்சை திரும்பும் வரை. முதல் தெளிப்பில் துளி விழுந்த இடம் மட்டும் புள்ளிபுள்ளியாகப் பச்சையாகும். இலைக்குள் இரும்பு அதிகம் நகராது என்பதால் அப்படி, பயப்பட வேண்டாம். மொட்டில் பட்டால் துருக்கறை விழுந்து பூ விலை போகாது. கவாத்துக்குப்பின் துளிர்விடும் சமயமே இதற்குத் தோது.

மண்ணுக்கும் கொடுக்க நினைத்தால், 1 பங்கு அன்னபேதிக்கு 10 பங்கு மக்கிய தொழுவுரம் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் 30 நாள் மூடிவைத்துச் செடியடியில் இடுங்கள்.

குழாய்வழியேதான் வேண்டுமென்றால் இ.டி.டி.ஹெச்.ஏ. (EDDHA) என்ற பொருளோடு பிணைத்த இரும்பு ஒன்றே தாங்கும். மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. (EDTA) இரும்பு உங்கள் மண்ணில் சீக்கிரம் பிரிந்துவிடும். 15 நிமிடம் வெறும் தண்ணீர், பிறகு இரும்புக் கரைசல், மறுபடி 15 நிமிடம் வெறும் தண்ணீர். கடைசியில் லேட்டரல் (செடி வரிசையில் ஓடும் கிளைக்குழாய்) முனைகளைத் திறந்து கழுவிவிடுங்கள்.

மஞ்சள் அடியிலையில் தொடங்கினால் இரும்பைக் குறை சொல்லாதீர்கள்; தழைச்சத்தோ மக்னீசியமோ போதவில்லை. திட்டுத்திட்டாகச் செடி சோர்ந்தால் ஒன்றைப் பிடுங்கி வேரில் முடிச்சு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது நூற்புழு, வைத்தியமே வேறு.