கவருக்குள்ள இருந்த சம்பளம்

வாசகர் கடிதம்

அன்பின் அண்ணா,

நான் கொழும்பில, வெள்ளவத்தையில இருக்கிறன், வயது 41. ஒரு தனியார் கொம்பனியில கணக்குப் பிரிவில 11 வருசம் வேலை செய்தனான். 2023 கடைசியில ஆக்களைக் குறைக்கிறம் எண்டு சொல்லி ரிசைன் லெட்டர் ஒண்டில கையெழுத்து வாங்கினவை. அதுக்குப் பிறகு நிரந்தரமா ஒண்டும் சரிவரேல்ல. அறுவது எழுவது இடத்துக்கு சீவி போட்டாச்சு. மனிசி ஒரு மொண்டிசூரியில படிப்பிக்கிறா. எனக்கு வேலை இல்லையெண்டது அவவுக்குத் தெரியும், ஆனா சேமிப்பு முடியப்போகுது எண்டது தெரியாது, பயப்பிடுவா எண்டு சொல்லேல்ல. கோயில், கலியாணவீடு ஒண்டுக்கும் போறேல்ல, போனா "இப்ப எங்க தம்பி வேலை?" எண்டு கேப்பினம். இரவில நித்திரை இல்லை.

ரெண்டு கேள்வி. ஒரு ஏஜென்சிக்காரர் ருமேனியாவுக்கு அனுப்புறன் எண்டுறார், போகலாமோ? மற்றது, இந்த நேரத்தில மனசைத் தேத்த என்ன புத்தகம் வாசிக்கலாம்? வீட்டுக்கு ஒரு பாரமாப் போனன் எண்ட நினைப்பு விட்டுப்போகுதில்லை.

பெயர் போடவேண்டாம்.

பதில்

தம்பி,

உம்மட கடிதம் வந்த அதே கிழமை எங்கட வீட்டில அலுமாரி ஒதுக்கினது. மேல்தட்டில இருந்து தடிச்ச மட்டை போட்ட பழைய சிஆர் கொப்பி ஒண்டு விழுந்துது, 2001ஆம் ஆண்டுக் கொப்பி. அதை வச்சுப் பாத்துக்கொண்டு இருக்கேக்கதான் உம்மட கடிதம். இல்லாட்டி சத்தியமா நான் பதில் எழுதியிருக்க மாட்டன், இப்பிடிக் கடிதங்கள் கன வருது, எல்லாருக்கும் என்னத்தைச் சொல்லுறது.

முதல்ல ருமேனியா. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர 1989 நம்பருக்கு அடிச்சு அந்த ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கோ, உமக்குச் சொன்ன வேலைக்கு அனுமதி இருக்கோ எண்டு கேளும். இல்லையெண்டா ஒரு சதமும் குடுக்காதையும். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது, நான் கல்கிஸையைத் தாண்டினாலே தலையிடிக்கிற ஆள்.

நித்திரை இல்லாதது கிழமைக்கணக்கா இழுபட்டா தேசிய மனநல நிறுவகத்தின்ர 1926 நம்பருக்கு அடிச்சுக் கதையும், தமிழிலயும் கதைக்கலாம். காய்ச்சலுக்கு டொக்டரிட்டப் போறமில்லையோ.

இனி அந்த ரிசைன் லெட்டர். கணக்குப் படிச்ச மனிசன், வாசிக்காமலோ கையெழுத்து வச்சனீர்? 15 பேரோ அதுக்குக் கூடவோ வேலை செய்யிற இடத்தில ஒழுங்கீனம் எண்ட காரணம் இல்லாம ஒருத்தரை நிப்பாட்டுறதெண்டா, ஒண்டு அவரின்ர எழுத்துமூலமான சம்மதம் வேணும், இல்லாட்டி தொழில் ஆணையாளரின்ர அனுமதி வேணும். 1971ஆம் ஆண்டுச் சட்டம். அந்தத் தலையிடி வேண்டாமெண்டுதான் தாங்களே லெட்டரை டைப் பண்ணி நீட்டுறது. நீரும் பேனையை எடுத்திட்டீர். முறைப்பாடு குடுக்கிற ஆறு மாசமும் போயிட்டுது, அதை விடுவம்.

ஆனா கிரச்சுவிட்டி, அதுதான் பணிக்கொடை, எடுத்தனீரோ? கடிதத்தில ஒரு சொல்லும் இல்லை. அதே மாதிரி இடத்தில அஞ்சு வருசம் முடிச்ச ஆளுக்கு, ரிசைன் பண்ணினாலும், வருசத்துக்கு அரை மாசச் சம்பளம் குடுக்கவேணும், 1983ஆம் ஆண்டுச் சட்டம். உமக்கு 11 வருசம், எண்டா அஞ்சரை மாசச் சம்பளம், பிச்சை இல்லை அது. ஈடிஎஃப், அந்த ஊழியர் நம்பிக்கை நிதி? கொம்பனி மாசாமாசம் உம்மட பேரில மூண்டு வீதம் கட்டினது, வேலையை விட்டா எடுக்கலாம். ஈபிஎஃப்பை, அதுதான் சேமலாப நிதியை, 55 வயது மட்டும் தொடேலாது, வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ எண்டா முப்பது வீதம் எடுக்க வழி இருக்கு, அதுக்கும் நிபந்தனையள் இருக்கு. வேலை போன ஆளுக்கு மாசாமாசம் காசு குடுக்கிற காப்புறுதி ஒண்டும் இந்த நாட்டில இல்லை, இருக்கிறது இதுகள்தான். இதுகளையும் பழைய ஒஃபிசில முகத்தைக் காட்ட வெக்கத்தில எடுக்காம இருக்கிறீர் எண்டு என்ர மனம் சொல்லுது. பிழையெண்டா மன்னியும். சரியெண்டா திங்கக்கிழமை காலமை நாரஹேன்பிட்டியில இருக்கிற தொழில் திணைக்களத்துக்குப் போய் வரிசையில நில்லும். அங்க நிக்கிற ஒருத்தரும் உம்மை "இப்ப எங்க தம்பி வேலை" எண்டு கேக்கமாட்டினம்.

புத்தகம் எண்டு கேட்டீர். 1930 அளவில ஒஸ்திரியாவில, வியன்னாவுக்குக் கிட்ட மரியென்தால் எண்டொரு ஊரில இருந்த ஒரே மில்லும் மூடப்பட்டு ஊரே வேலையில்லாமப் போச்சு. மரி யகோடா எண்ட ஆராய்ச்சிக்காரியும் இன்னும் சிலபேரும் அங்க போய் சனம் எப்பிடி வாழுது எண்டு பாத்தவை. முந்தி இல்லாத அளவுக்கு எல்லாருக்கும் நேரம் இருந்துது, நூல்நிலையத்தில காசும் கட்டத் தேவையில்லை எண்டு விட்டிட்டினம், ஆனா எடுக்கிற புத்தகங்கள் கிட்டத்தட்டப் பாதியாக் குறைஞ்சு போச்சு. வேலை இல்லாத மூளை வாசிக்காது தம்பி. நாலு பக்கத்துக்குப் பிறகு கண் வரியில நிக்கும், மனம் வீட்டு வாடகையில நிக்கும். இன்னொண்டும் பாத்தவை: றோட்டில ஆம்பிளையள் மெல்ல நடக்கினம், நிண்டு நிண்டு போகினம். பொம்பிளையள் விறுவிறெண்டு போகினம், அவையளுக்கு வீட்டில அலுவல் கிடக்கு. பின்னேரம் மரைன் ட்ரைவில போய் நிண்டு பாரும், ஆர் ஆருக்கு வேலை இல்லையெண்டு எனக்கு நடையிலயே தெரியும். ஏனெண்டா நானும் அந்த நடை நடந்தவன்.

2001. ஆடி மாசம் கட்டுநாயக்கா விமானநிலையத்தில அடி விழுந்துது, கப்பல் காப்புறுதியெல்லாம் ஏறிச்சுது, ரெண்டு மாசத்தில அமெரிக்காவில கோபுரங்கள் விழுந்துது. சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டின்ர பொருளாதாரம் முதல்முதல் சுருங்கின வருசம் அது. நான் வேலை செய்த இடம் உடுப்பு ஏத்துமதிக்காரர், ஓர்டர் இல்லை எண்டு எங்கள் எட்டுப் பேரை ஒரே நாளில அனுப்பினவை. மூண்டு மணிக்குச் சொன்னவை, நான் அஞ்சரை மட்டும் வெளியில சுத்திப்போட்டு வழமையான நேரத்துக்குத்தான் வீட்டை போனனான். சொல்லேல்ல. நாளைக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சன், அந்த நாளை நாலு மாசமா இழுபட்டுது.

ஒவ்வொரு நாளும் ஏழரைக்கு ஷேர்ட்டை உள்ளுக்கு விட்டு, மனிசி கட்டித்தந்த சோத்துப் பார்சலோட 100 பஸ் எடுத்து கோட்டை ஸ்டேசனுக்குப் போவன். அங்க வாங்கில கொஞ்ச நேரம். பிறகு பொது நூலகத்தில பேப்பர் வாசிக்கிற பகுதி. என்னைப் போல மூண்டுபேர் நிரந்தரமா அங்க வாறவை, ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிறேல்ல, ஆனா ஆர் எந்தக் கதிரை எண்டு எல்லாருக்கும் தெரியும். பத்து மணிக்கே பசிக்கும் தம்பி, அது ஏனெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல. விகாரமகாதேவிப் பூங்காவில மரத்துக்குக் கீழ இருந்து பத்தேகாலுக்கு மத்தியானச் சோத்தைத் திண்டு முடிச்சிடுவன். பேந்து அஞ்சு மணி மட்டும் ஒண்டும் இல்லை.

இப்ப கவர் கதைக்கு வாறன், இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதுறன். அந்தக் கொம்பனியில சம்பளம் 25ஆந் திகதி பிறவுண் கவரில போட்டுத்தான் தாறது, நான் அப்பிடியே கொண்டுவந்து மனிசியிட்டக் குடுக்கிறது. வேலை போன மாசம் 25 வருது, கவர் இல்லை. புறக்கோட்டையில ஒரு கடையில போய் அதே மாதிரிப் பிறவுண் கவர் கேட்டன், தனியக் குடுக்கமாட்டம் பத்தாத்தான் குடுப்பம் எண்டாங்கள். வாங்கினன். பத்துக் கவர். பாரும், என்ர மனதில பத்து மாசத்துக்குப் பிளான் இருந்திருக்கு!

முதல் ரெண்டு கவரும் பாங்க் புத்தகத்தில இருந்த காசு. மூண்டாவதுக்கு அவவின்ர காப்பை எடுத்தன். கலியாணத்துக்கு அவவின்ர அம்மா போட்ட சோடிக் காப்பு, அலுமாரிக் கீழ்த்தட்டில பிஸ்கட் ரின்னுக்குள்ள கிடந்தது. செட்டியார் தெருவில அடைவுகடைக்காரர் கல்லில உரசி, ஒரு சொட்டு அசிட் விட்டு, என்ர முகத்தைப் பாக்காமலே "எவ்வளவு வேணும்" எண்டார். அந்தாள் முகத்தைப் பாக்காததுக்கு நான் இண்டைக்கும் நன்றி சொல்லுவன். அண்டு பின்னேரம் அந்தக் காசைக் கவரில போட்டு ஒட்டி மனிசியிட்டக் குடுத்தன், அவ வழமையாச் செய்யிற மாதிரிக் கண்ணில ஒத்திச் சாமிப்படத்துக்கு முன்னால வச்சா. அவவின்ர காப்பையே வித்த மாதிரி அவவுக்கே சம்பளமாக் குடுத்திட்டு நான் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தன்.

நாலாம் மாசம் சரஸ்வதி மண்டபத்தில அவவின்ர மச்சாளின்ர மகளுக்குக் கலியாணம். சாறியெல்லாம் உடுத்திப்போட்டு அலுமாரியைத் திறந்து ரின்னை எடுத்தா. நான் கண்ணாடிக்கு முன்னால தலை இழுத்துக்கொண்டு நிக்கிறன். ரின் மூடி திறக்கிற சத்தம் கேட்டுது, பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் சீப்பை விடேல்ல, இழுத்துக்கொண்டே நிண்டன்.

அழுவா, கத்துவா எண்டு நினைச்சன். அவ கேட்டது "எத்தினை மாசம்?" எண்டு மட்டும்தான். சொன்னன். பிறகு "இப்ப கையில எவ்வளவு கிடக்கு?" எண்டா. தம்பி, எனக்கு அதுக்கு மறுமொழி தெரியேல்ல. 13 வருசம் மற்றவனின்ர கணக்கைச் சதத்துக்குச் சதம் சரிபாத்த எனக்கு என்ர வீட்டில எவ்வளவு கிடக்கெண்டு தெரியாது. பாங்க் புத்தகத்தைத் திறக்கப் பயம், அடைவு வட்டி எவ்வளவு ஏறியிருக்கெண்டு பாக்கப் பயம். நீர் "மனிசி பயப்பிடுவா எண்டு சொல்லேல்ல" எண்டு எழுதியிருக்கிறீர். பொய் அது. பயம் உமக்கு. சொல்லவேணுமெண்டா முதல்ல நீர் அந்தத் தொகையைப் பாக்கவேணும், அதுக்குத்தான் பயம்.

கலியாணத்துக்குப் போகேல்ல. அவ சாறியோடயே கீழ இருந்து மகளின்ர பள்ளிக்கூடச் சிஆர் கொப்பியை எடுத்து முன்பக்கத்தில இருந்த கணக்குகளைக் கிழிச்சுப்போட்டு எழுதத் தொடங்கினா. வாடகை, ஸ்கூல் வான், பால்மா, லைட் பில், அடைவு வட்டி. ஒவ்வொண்டாக் கேட்டா, நான் சொன்னன். ஒரு மணித்தியாலம் போயிருக்கும், எழும்பிப்போய் அதே அலுமாரியின்ர மேல்தட்டில சாறிகளுக்குக் கீழ கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து வச்சா. 24,000 ரூபா. 12 பேர் சேந்த சீட்டு, மாசம் ரெண்டாயிரம், எனக்கு வேலை போன மாசம்தான் அவவுக்கு விழுந்திருக்கு. மகளின்ர சாமத்தியச் செலவுக்கு எண்டு எனக்குச் சொல்லாம ஒளிச்சு வச்சிருக்கிறா. எனக்குச் சொன்னா நான் எடுத்துச் செலவழிச்சுப்போடுவன் எண்டு, அந்தச் சந்தேகத்திலயும் பிழையில்லைத்தானே.

மேல்தட்டில காசு, கீழ்த்தட்டில காப்பு. நான் கீழ்த்தட்டை எடுத்துக்கொண்டு போய் வட்டி கட்டிக்கொண்டு இருந்திருக்கிறன். ஒரு கதவுள்ள அலுமாரி தம்பி. இதைத்தான் உமக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லுறன், மனசு லேசாகும், அன்பு கூடும் எண்டு நான் கதைக்க வரேல்ல, அதெல்லாம் நடந்தாலும் நடக்கும் நடக்காட்டியும் போகும். நான் கதைக்கிறது கணக்கு. ஒரு வீட்டில ரெண்டுபேர் ரெண்டு கணக்கு வச்சிருந்தா நடுவில வட்டிக்காரன்தான் சாப்பிடுவான். நீர் பிள்ளையளின்ர டியூசனைக் குறைக்கேல்ல, கேபிளை வெட்டேல்ல, மாமியாருக்கு அனுப்பிறதை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறீர் எண்டு நினைக்கிறன், ஏனெண்டா குறைச்சாக் காரணம் சொல்லவேணும். அவவிட்டயும் ஒரு சீட்டு இருக்கலாம், ஒரு யோசினை இருக்கலாம், தமையன் ஆரோ ஒருத்தரைத் தெரிஞ்சிருக்கலாம். உமக்கு எப்பிடித் தெரியும், கேட்டாத்தானே.

பாரம் எண்டு எழுதினீர். அந்தச் சொல்லை இன்னொருக்கா எனக்கு எழுதாதையும், கோவம் வருது. விடிய வெள்ளென எழும்பி, புட்டு அவிச்சு, பிள்ளையளை வெளிக்கிடுத்திப்போட்டு மொண்டிசூரிக்கு ஓடுறது ஆர்? நீர் ரெண்டு வருசமா வீட்டில நிக்கிறீர், புட்டை நீர் அவிக்கிறீரோ? கடிதத்தில அதைப்பற்றியும் ஒண்டும் இல்லை. எனக்கும் முதல்ல ஏலாமத்தான் இருந்தது, அந்தச் சிஆர் கொப்பி வந்தபிறகு மீன் வாங்கப் போகத் தொடங்கினன், பேந்து வெட்டப் பழகினன், சூடை மீன் துப்பரவாக்கிறதில இண்டைக்கு எங்கட வீட்டில என்னை அடிக்க ஆளில்லை.

வேலை அதுக்குப் பிறகும் அஞ்சு மாசம் கிடைக்கேல்ல. கிடைச்சது மச்சானின்ர கூட்டாளி ஒருத்தரின்ர ஹாட்வெயார் கடையில, பழைய சம்பளத்தில பாதிக்கு. மனிசி அந்தக் கலியாணவீட்டுக்காரருக்கு ஏன் வரேல்ல எண்டு உண்மையைச் சொல்லப்போய்த்தான் அந்தத் தொடர்பே வந்தது. நான் ஆருக்கும் சொல்லாதை எண்டு சண்டை பிடிச்சனான், அவ கேக்கேல்ல. காப்பில ஒண்டு மீட்டம். மற்றதுக்குத் தவணை விட்டுப்போச்சு.

மிச்சம் ஏழு கவரில ஆறில அவ பிறகு சீட்டுக்காசு போட்டுக் குடுத்தவ, மற்ற ஒண்டு இன்னும் கொப்பிக்குள்ள வெறுமையாக் கிடக்கு.

புத்தகம் கேட்டீர் என்ன, மறந்துபோனன். வாசிக்கமாட்டீர் எண்டு சொன்னாலும் கேட்ட ஆளுக்கு இல்லையெண்டு சொல்லக்கூடாது. இதே வெள்ளவத்தையிலதான் நானும் இருக்கிறன், எழுதிப்போட்டு வாரும், என்ன வேணுமெண்டாலும் எடுத்துக்கொண்டு போகலாம். ஆனா வரேக்க நீரும் மனிசியும் சேந்து ஒரு கொப்பியில வீட்டுக்கணக்கு எழுதின முதல் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டவேணும், ரெண்டுபேரின்ர கையெழுத்தும் அதில இருக்கவேணும். புத்தகத்தைத் திருப்பித் தரவும் வேணும், போனமுறை ஒருத்தர் கொண்டுபோன ரெண்டு இன்னும் வரேல்ல.