ப்ராக்ஸி போட்டும் கசிகிறதா?

கேள்வி: அண்ணே, மடிக்கணினியில் ஒரு சாட் மென்பொருளை டோர் (பல சர்வர்கள் வழியே சுற்றவிட்டு நம் ஐபி முகவரியை மறைக்கும் வலை) வழியாகப் போகும்படி, அதன் ப்ராக்ஸி (இடைத்தரகர்) இடத்தில் 127.0.0.1, போர்ட் 9050 என்று போட்டிருக்கிறேன். பிரவுசரையும் அதே ப்ராக்ஸியில் வைத்து ஐபி பார்த்தேன், ஜெர்மனி காட்டுகிறது. இனி பயமில்லைதானே?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஜெர்மனி என்று காட்டியது பிரவுசருக்கு, தம்பி. சாட் மென்பொருள் என்ன செய்கிறது என்று அந்தத் தளத்துக்கு எப்படித் தெரியும்? முதலில் டோரை நிறுத்திவிட்டு சாட் மென்பொருளைத் திறந்து பாருங்கள். இணைய முடியாமல் அது முழிக்க வேண்டும். சமர்த்தாக இணைந்துவிட்டால், ப்ராக்ஸி கிடைக்காதபோது நேராகவே ஓடிவிடுகிறது என்று அர்த்தம்.

இதில் தேறினாலும் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைச் சொன்னால் ஐபியைத் தரும் ஏற்பாடு, இருக்கிறது. தம்பியை ரகசியமாகக் கடைக்கு அனுப்பிவிட்டு, கடை எங்கே என்று நாமே தெருமுனையில் நின்று சத்தமாக விசாரிப்பது மாதிரி, சில மென்பொருள்கள் சர்வரின் பெயரை வெளியே கேட்டு ஐபி வாங்கிய பிறகுதான் ப்ராக்ஸியிடம் போகும். ப்ராக்ஸியிடம் பேசும் முறைகளில் பழைய சாக்ஸ்4 ஐபியை மட்டுமே ஏற்கும், சாக்ஸ்5 பெயரையும் ஏற்கும், ஆனால் பெயராக அனுப்புவது மென்பொருளின் கையில். நம் மலேசியாவில் இது சின்ன விஷயமில்லை. 2024 செப்டம்பரில் தொடர்பு, பல்லூடக ஆணையம் டிஎன்எஸ் கேள்விகளை இணையச் சேவை நிறுவனங்களின் சர்வருக்கே திருப்பச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்தார்களே, நினைவிருக்கிறதா?

கணினியில் வந்துபோகும் பாக்கெட்டுகளைக் (தரவுத் துண்டுகளை) காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து, வைஃபையைத் தேர்ந்தெடுத்து, மற்றதையெல்லாம் மூடிவிட்டு, வழக்கமாக டிஎன்எஸ் கேள்விகள் போகும் போர்ட் 53-ஐ மட்டும் வடிகட்டிப் பாருங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் நான் ஒரு செய்தி ரீடரை இப்படிச் சோதித்தபோது கட்டுரைகள் ஒழுங்காக டோரில் வந்தன, ஒவ்வொரு தளத்தின் குட்டி ஐகானை எடுக்க மட்டும் நேராகப் போயிருக்கிறது, திரையில் தளத்தின் பெயர்கள் வரிசையாக நின்றன! 53 அமைதியாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், மறைகுறியாக்கிய டிஎன்எஸ் 443-இல் போகலாம். அதனால் வடிகட்டியை எடுத்துவிட்டு, டோரின் நுழைவு சர்வரைத் தவிர வேறெங்கே பாக்கெட் போகிறது என்று பாருங்கள் (கணினியின் சொந்த அப்டேட் சத்தமும் கொஞ்சம் கலந்திருக்கும்). டோரின் அமைப்புக் கோப்பில் 'டெஸ்ட்சாக்ஸ் 1' போட்டால், பெயராக வந்ததா ஐபியாக வந்ததா என்று பார்த்து ஒவ்வோர் இணைப்பும் பாதுகாப்பானதா என லாக்கில் எழுதும். ஆனால் தன்னிடம் வந்ததைத்தான் அது சொல்லும், வராமல் ஓடியதைச் சொல்லாது.

அப்புறம், வாய்ஸ் கால். தரவு அனுப்பும் முறைகளில் டோர் சுமப்பது டிசிபியை மட்டும், கால்கள் பெரும்பாலும் யூடிபி, அதனால் டோரை விட்டு நேராகப் போய்விடலாம். சாட்டில் கால் வசதி இருந்தால் முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள்.